மோட்டார் ஓடுதா?

இரவு பதினொன்றரை இருக்கும். கல்வராயன் மலையடிவாரம், கச்சிராயப்பாளையம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை. மும்முனை கரண்ட் வந்துவிட்டது என்று கைப்பேசி சத்தமிடுகிறது. படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, திரையில் இருக்கும் சுவிட்ச் படத்தை விரலால் தள்ளுகிறார். படம் வலது பக்கம் நகர்ந்து பச்சையாகிறது. இனி நிம்மதியாகத் தூங்க வேண்டியதுதான். அவரோ பக்கத்துக் கொல்லையில் காவலுக்குப் படுத்திருக்கும் உறவுக்காரரைப் போன் போட்டு எழுப்புகிறார்: “மாமா, எங்க மோட்டரு ஓடுதான்னு கொஞ்சம் எட்டிப் பாருங்க.”

இப்படியொரு இரவை அந்தப் பக்கத்தின் எந்த விவசாயியும் எளிதில் கற்பனை செய்துகொள்வார். கையில் பச்சை நிறம் மின்னிக்கொண்டிருக்க, எதற்காக அந்தப் போன்? வயசானவர், போனை நம்ப மாட்டார் என்று பேரப்பிள்ளைகள் கேலி செய்யலாம். ஆனால் அவர் கேட்பதுதான் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகளில் திரை வடிவமைக்கும் பொறியாளர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்காமல் விட்ட இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு வரலாறு இருக்கிறது.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஆனால் ஆலைகள் அந்த மண்ணுக்குப் புதிதல்ல. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள், ஊருக்கு ஊர் நெல் அரவை ஆலைகள், சின்னசேலம் பக்கம் மரவள்ளிக் கிழங்கை ஜவ்வரிசியாக்கும் ஆலைகள். இத்தகைய ஆலைகளைப் புதிதாகக் கட்டினாலும் பழையதைப் புதுப்பித்தாலும், சுவரை அடைத்து நிற்கும் பெரிய பேனலுக்குப் பதிலாக இன்று ஒரு கணினித் திரை வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஹெச்எம்ஐ என்பார்கள், ஸ்காடா என்பார்கள். ஆலை முழுவதையும் படமாக வரைந்து, ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்ச் படம் வைத்திருப்பார்கள். ஆபரேட்டர் அதைத் தொட்டால் எங்கோ நூறடிக்கு அப்பால் ஏதோ ஒன்று ஓடும். ஓட வேண்டும்.

அந்தச் சுவிட்ச் படத்தை எப்படி அமைக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதற்கு முன், நிஜ சுவிட்சைக் கொஞ்சம் பார்க்கலாம்.

நம் வீட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்சுக்குள் ஒரு சிறு சுருள்வில் இருக்கிறது. மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். பாதி வழி வரை எதிர்க்கும். அதைத் தாண்டியதும் தானே ‘டக்’கென்று மறுபக்கம் விழும். நடுவில் நிறுத்த முடியாது. 1884-இல் இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்ற பொறியாளர் இந்த வேகமாக விலகும் சுவிட்சை உருவாக்கினார். அதற்கு முன் சுவிட்சை மெல்லப் பிரித்தால் இரண்டு முனைகளுக்கும் நடுவே மின்பொறி நீண்டு எரியும், முனைகள் கருகும். வில் வந்தபின் நடுநிலை என்ற ஒன்றே இல்லாமல் போனது. இதன் உபபலனாக மனிதனுக்கு ஒரு வசதி கிடைத்தது. கையால் கொடுத்த கட்டளையும் சுவிட்சின் உண்மை நிலையும் ஒரே பிளாஸ்டிக் துண்டில் இருந்தன. சுவிட்ச் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதுவே அதன் நிலை. யாரையும் எழுப்பிக் கேட்க வேண்டியதில்லை.

எந்தப் பக்கம் சாய்ந்தால் ஆன் என்பதில் மட்டும் உலகம் ஒத்துப்போகவில்லை. பிரிட்டிஷ் வழக்கத்தை வாங்கிக்கொண்ட நம் வீடுகளில் கீழே தள்ளினால் விளக்கு எரியும்; அமெரிக்காவில் மேலே தள்ள வேண்டும். வேடிக்கை என்னவென்றால், நம் வீட்டிலேயே மெயின் பெட்டிக்குள் இருக்கும் எம்சிபி மேலே தூக்கினால்தான் ஆன். ஒரே சுவரில் இரண்டு சட்டங்கள். பழக்கத்தில் நாம் கவனிப்பதே இல்லை. ஆனால் திரையில் நெம்புகோல் போன்ற சுவிட்ச் படத்தைச் செங்குத்தாக வைத்துவிட்டால் பிரச்சினை தொடங்குகிறது. மென்பொருளோடு வரும் படங்களில் மேலே என்றால் ஆன். இயக்குறுப்புகளின் திசைபற்றிய பன்னாட்டுத் தரநிலையான ஐஇசி 60447-உம் மேல், வலம் ஆகிய திசைகளைத்தான் ‘அதிகம்’, ‘இயங்கு’ என்பதற்கு ஒதுக்குகிறது. பிறந்ததிலிருந்து சுவிட்சைக் கீழே தட்டி விளக்குப் போட்ட நம்மூர் ஆபரேட்டரின் கண் அதை நேர் எதிராகப் படிக்க வாய்ப்பிருக்கிறது. அவசரத்தில் படித்த பாடம் வேலைக்கு ஆகாது, பழகிய கைதான் முந்தும். நம்மூர்த் திரைக்குக் கிடைமட்டச் சுவிட்சும் பக்கத்தில் ஒரு சொல்லும்தான் நல்லது என்பது என் கட்சி.

இப்போது கண்ணாடிக்குப் பின்னால் போவோம். ஆபரேட்டர் திரையைத் தொட்டதும் நடப்பது இது: மென்பொருள், தனக்குச் சொல்லப்பட்ட ஒரு டேக்கில், அதாவது பெயரிட்ட ஒரு நினைவிடத்தில், 0 இருந்த இடத்தில் 1 என்று எழுதுகிறது. அந்த 1 கேபிள் வழியே பிஎல்சி என்ற சிறு கட்டுப்பாட்டுக் கணினிக்குப் போகிறது. 1968-இல் அமெரிக்காவில் டிக் மோர்லியும் கூட்டாளிகளும் தொடங்கிவைத்த மோடிகான் 084-தான் இந்த இனத்தின் மூத்தது. பிஎல்சி சில மில்லி நொடிகளுக்கு ஒருமுறை தன் நினைவகத்தைத் தலை முதல் கால் வரை படித்துக்கொண்டே இருக்கும்; அந்த 1-ஐப் பார்த்ததும் தன் வெளியீட்டு அட்டையில் ஒரு ரிலேயைத் தூக்கும். ரிலே, காண்டாக்டர் என்ற பெரிய சுவிட்சின் சுருளுக்கு மின்சாரம் தரும். காண்டாக்டர் ‘டபக்’ என்று ஒட்டும். மோட்டாருக்கு மும்முனை போகும். இவ்வளவு தூரம் கடந்துதான் ஒரு தொடுகை சுழற்சியாகிறது. வழியில் எங்கு வேண்டுமானாலும் அறுந்துபோகலாம்.

ஆனால் திரையில் இருக்கும் படம் எப்போது நகர்ந்தது? பெரும்பாலான இடங்களில், விரல் பட்டதுமே.

சுவிட்ச் படத்தைத் திரையில் வைத்து அதன் மீது இரண்டு முறை தட்டினால் ஓர் அமைப்புப் பலகை திறக்கும். எந்த நிறுவனத்தின் மென்பொருளானாலும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆன் என்றால் எந்தப் படம், ஆஃப் என்றால் எந்தப் படம்? தொட்டதும் எழுதவா, விரலை எடுத்ததும் எழுதவா? ‘நிச்சயமாகவா?’ என்று கேட்கவா? யாருக்கெல்லாம் தொட அனுமதி? இவற்றுக்கு நடுவே சாதாரணமாக இரண்டு கட்டங்கள் இருக்கும். எந்த டேக்கில் எழுத வேண்டும் என்பது ஒன்று. எந்த டேக்கைப் பார்த்துப் படத்தை மாற்ற வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதை நிரப்பாமல் விட்டால் பல மென்பொருள்கள் முதலாவதையே எடுத்துக்கொள்ளும். வேலையை முடித்துக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க நினைக்கும் இளம் பொறியாளர் அதை அப்படியே விட்டுவிடுவார். சோதித்துப் பார்த்தால் அழகாக வேலை செய்யும். தொட்டால் பச்சை, மறுபடி தொட்டால் சாம்பல். அதற்குக் காரணம் எளிது: அந்தத் திரை தான் சொன்னதைத் தானே கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருக்கிறது. மோட்டாருக்கு வரும் ஒயரைக் கழற்றிவிட்டாலும் அது பச்சையாகத்தான் இருக்கும்.

இந்தத் தவறின் மிகப் பெரிய கதை 1979 மார்ச் 28 அதிகாலையில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகில் நடந்தது. அங்கே கணினித் திரை இல்லை, பேனலில் விளக்குகள்தான். ஆனால் விஷயம் அதேதான். குளிர்விக்கும் நீரின் அழுத்தம் ஏறியதும் அதைத் தணிக்க ஒரு வால்வு தானே திறந்தது. அழுத்தம் இறங்கியதும் மூடியிருக்க வேண்டும். மூடச் சொல்லிக் கட்டளை போனது. பேனலில் விளக்கு அணைந்தது. ஆபரேட்டர்கள் வால்வு மூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த விளக்கு இணைக்கப்பட்டிருந்ததோ வால்வின் நிலையோடு அல்ல, வால்வுக்குப் போகும் மின்கட்டளையோடு. வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதன் வழியே உலையின் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. வேறொரு வால்வை அடைத்து அதை நிறுத்தியபோது காலை ஆறரை மணியை நெருங்கிவிட்டது. உலையின் மையப் பகுதி ஏறத்தாழ பாதி உருகிப்போனது. அங்கே ‘மாமா, எட்டிப் பாருங்க’ என்று சொல்ல யாரும் இல்லை. எட்டிப் பார்க்கும் இடமுமில்லை அது.

நம்மூர் நெல் ஆலையில் உலை உருகாது. ஆனால் எலிவேட்டர் சோக் ஆகும். நெல் அரவையில் ஒரு இயந்திரம் கொட்டுவதை அடுத்தது வாங்கிக்கொள்ள வேண்டும்: சுத்தம் செய்யும் சல்லடை, கல் பொறுக்கி, உமி நீக்கி, பாலிஷர், நடுநடுவே மேலே தூக்கிக் கொட்டும் எலிவேட்டர்கள். இந்த வரிசையில் நடுவில் ஒரு எலிவேட்டரின் பெல்ட் அறுந்து, திரை மட்டும் அது ஓடுவதாகக் காட்டிக்கொண்டிருந்தால், முன்னால் இருக்கும் எல்லாம் அதன் தலையில் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆபரேட்டருக்குத் தெரிய வருவதற்குள் அடிக்குழியில் மூட்டை மூட்டையாக நெல் அடைத்து நிற்கும். மண்வெட்டியோடு இறங்கி அள்ள வேண்டும்; அரை நாள் போச்சு.

ஆகவே இரண்டாவது கட்டத்தில் என்ன எழுத வேண்டும்? காண்டாக்டரோடு சேர்ந்து அசையும் ஒரு துணை முனை உண்டு. காண்டாக்டர் ஒட்டினால் இதுவும் ஒட்டும். அதிலிருந்து ஒரு ஒயரைப் பிஎல்சிக்கு இழுத்தால், காண்டாக்டர் நிஜமாக ஒட்டியதா என்ற செய்தி திரும்பி வரும். செலவும் குறைவு. ஆனால் காண்டாக்டர் ஒட்டியதும் மோட்டார் ஓடுவதும் ஒன்றா? மூன்று பீஸில் ஒன்று போயிருந்தால் காண்டாக்டர் ஒட்டியிருக்கும், மோட்டார் நின்றபடி முனகிக்கொண்டு சூடேறும். அதனால் இன்னொரு படி மேலே போய் ஒயரில் ஓடும் ஆம்பியரை அளக்கலாம். மோட்டார் ஓடுவதும் தண்ணீர் வருவதும் ஒன்றா? போரில் நீர்மட்டம் இறங்கியிருந்தால் மோட்டார் காற்றைக் குடித்துக்கொண்டு சுகமாக ஓடும். அப்போது குழாயில் நீரோட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். எலிவேட்டருக்கும் இதே கதை: மோட்டார் சுற்றும், பெல்ட் அறுந்திருக்கும்; அதனால் அடிப்பக்க உருளையில் ஒரு உணரியை வைத்து உருளை சுற்றுகிறதா என்று எண்ணுவார்கள்.

இப்படி ஒவ்வொரு படியிலும் உண்மைக்குக் கொஞ்சம் நெருங்குகிறோம், கொஞ்சம் பணம் செலவழிக்கிறோம். எல்லா மோட்டாருக்கும் கடைசிப் படி தேவையில்லை. எது நின்றால் எத்தனை பேருக்கு, எவ்வளவு நட்டம் என்று உட்கார்ந்து யோசித்துத்தான் எந்தப் படியில் நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். இதை முடிவு செய்ய வேண்டியவர் திரை வரைபவர் மட்டுமில்லை. நெல் அள்ளியவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டால் நல்லது.

கட்டளையையும் நிலையையும் பிரித்தவுடன் ஒரு புதுச் சங்கடம் வருகிறது. இரண்டுக்கும் நடுவே நேரம் இருக்கிறது. ஆன் என்று சொல்லியாயிற்று, ஓடுகிறது என்ற பதில் இன்னும் வரவில்லை. வில் வைத்த சுவிட்சில் ஹோம்ஸ் ஒழித்த நடுநிலை இங்கே திரும்பி வந்துவிடுகிறது. அதை மறைக்கக் கூடாது, காட்ட வேண்டும். கட்டளை போனதும் படம் மினுக்கட்டும். பதில் வந்ததும் நிலைக்கட்டும். சாதாரண மோட்டாருக்கு மூன்று முதல் ஐந்து நொடி, பெரிய வால்வுக்கு அரை நிமிடம் என்று ஒரு கெடு வைத்து, அதற்குள் பதில் வராவிட்டால் பிஎல்சி தன் கட்டளையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ‘ஓடவில்லை’ என்று மணி அடிக்க வேண்டும். இதோடு, கேபிள் அறுந்தால் என்ன செய்வது என்பதும் இருக்கிறது. பல திரைகள் கடைசியாகக் கேட்ட செய்தியையே பிடித்துக்கொண்டு உறைந்து நிற்கும். தொடர்பு போன பிறகும் பச்சையாக இருக்கும் படத்தைவிட மோசமான படம் கிடையாது. ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லவும் திரைக்கு ஒரு நிறமோ கோடோ வேண்டும். வெள்ளிமலை, கருமந்துறை பக்கத்து மலைக் கிராமங்களில் சிக்னல் தேடி மேடேறி நிற்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. போன மெசேஜ் போய்ச் சேர்ந்ததா என்பது அவர்களின் அன்றாடக் கவலை.

ஆக ஆன், ஆஃப் என்று இரண்டாகத் தெரிந்த சுவிட்ச் எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு நிலைகளாக விரிகிறது. இரண்டு படங்கள் போதும் என்று நினைக்கும்போதே பிழை உள்ளே வந்துவிடுகிறது.

அடுத்தது, சுவிட்ச் படம் என்ன எழுதுகிறது என்பது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மாடிப்படி விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் விளக்கின் நிலை மாறும். அந்தச் சுவிட்ச் மேலே பார்த்திருக்கிறதா, கீழே பார்த்திருக்கிறதா என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அது சொல்லும் கட்டளை ‘எரி’ என்பதில்லை, ‘மாறு’ என்பது. திரைச் சுவிட்சையும் அப்படி அமைக்கலாம். மென்பொருள்களில் டாகிள் என்ற பெயரில் அது தயாராக இருக்கும். தொடும்போதெல்லாம் இருப்பதைப் படித்து, தலைகீழாக்கி, திரும்ப எழுதும்.

திண்ணையில் இருக்கும் அப்பா போனில் ஒரு தட்டுத் தட்டுகிறார். சிக்னல் மந்தம், பதில் வரவில்லை. இன்னொரு தட்டு. டவுனில் இருக்கும் மகனும் அதே நேரம் கரண்ட் வந்த தகவல் பார்த்துத் தன் போனில் தட்டுகிறான். மூன்று ‘மாறு’ கட்டளைகள் வரிசையாகப் போய்ச் சேரும்போது மோட்டார் ஓடி, நின்று, மறுபடி ஓடும். இரண்டோ நான்கோ போயிருந்தால் நின்றிருக்கும். இந்தக் கட்டளைகள் ‘ஓடு’ என்றே இருந்திருந்தால்? ஓடுகிற மோட்டாரிடம் நூறு முறை ஓடு என்று சொன்னாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். நம்பகமில்லாத வழியில் போகும் கட்டளைக்கு இந்தக் குணம் அவசியம். அதனால் அனுபவமுள்ளவர்கள், கண்ணுக்கு ஒரே சுவிட்சாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு தனித்தனிக் கட்டளைகளை வைப்பார்கள். நின்றிருக்கும்போது தொட்டால் ‘ஓடு’ போகும். ஓடும்போது தொட்டால் ‘நில்’ போகும்.

அழுத்திக்கொண்டிருக்கும் வரை மட்டும் 1, விட்டால் 0 என்று இன்னொரு வகையும் உண்டு. கிரேனைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் வேலைக்கு ஆசையாக இதைப் போடுவார்கள். விரல் அழுத்தியிருக்கும் நொடியில் கேபிள் தொடர்பு அறுந்தால், ‘விட்டுவிட்டேன்’ என்ற 0 போய்ச் சேரவே சேராது. நிஜப் பொத்தானில் விரலை எடுத்தால் வில் தள்ளிவிடும். திரையில் வில் கிடையாது. அந்த வில்லைப் பிஎல்சிக்குள் நிரலாக எழுதிவைக்க வேண்டும்: இவ்வளவு நேரத்துக்குள் புதுச் செய்தி வராவிட்டால் நீயே 0 ஆக்கிக்கொள் என்று.

பொத்தானின் மேல் எழுதும் சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அமைத்த திரைகளில் வால்வுக்குப் பக்கத்தில் ‘ஓப்பன்’ என்று இருக்கும். திறந்திருக்கிறது என்று சொல்கிறதா, தொட்டால் திறப்பேன் என்கிறதா? அந்த மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். உலகெங்கும் ஆபரேட்டர்கள் இதில் இடறியிருக்கிறார்கள். தமிழில் ‘திற’ வேறு, ‘திறந்திருக்கிறது’ வேறு. ‘நிறுத்து’ வேறு, ‘நிற்கிறது’ வேறு. ஏவலையும் நிகழ்வையும் குழப்பிக்கொள்ள நம் வினைச்சொல் இடமே தருவதில்லை. திரையில் தமிழ் எழுத்துகள் தெரிவதற்கு இன்று எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் எத்தனையோ ஆலைகளில், ஆங்கிலம் சரளமில்லாத ஆபரேட்டர்கள், குழப்பமான ஆங்கிலச் சொல்லைப் படமாக மனப்பாடம் செய்துகொண்டு வேலை பார்க்கிறார்கள். மொழிப்பற்றை விடுங்கள், பாதுகாப்புக்காகவாவது அந்தப் பொத்தானில் தமிழ் இருக்கலாம்.

நிறம் இன்னொரு தலைவலி. மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தான் ஓடு, சிவப்பு நில். அதே ஆலையின் துணைமின் பேனலுக்குப் போனால் பிரேக்கருக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தால் மின்சாரம் பாய்கிறது, கிட்டே வராதே என்று பொருள். பச்சை என்றால் துண்டித்திருக்கிறது. இரண்டு துறைகளும் அவரவர் அளவில் சரி. ஒரே திரையில் இருவரின் படமும் வரும்போதுதான் வம்பு. இதோடு, சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாத கண்ணோடு பிறக்கும் ஆண்கள் நூற்றுக்குச் சிலராவது இருக்கிறார்கள். தங்களுக்கு அப்படி இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. இயந்திரங்களின் மின்சாதனங்களுக்கான ஐஇசி 60204-1 தரநிலையில் ஒரு விதி எனக்குப் பிடிக்கும். ஒரே பொத்தான் மாறி மாறி ஓட்டவும் நிறுத்தவும் செய்தால், அதற்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் ஆகாது. வெள்ளை, சாம்பல், கறுப்புதான் நல்லது. 2015-இல் அமெரிக்கத் தரநிலையாக வந்த ஐஎஸ்ஏ-101 வழி போகும் திரைகளும் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். ஓடுவது ஓடட்டும், பளீர் நிறம் கோளாறுக்கு மட்டும். முதலில் பார்க்கும் முதலாளிக்கு அது பிடிக்காது. இவ்வளவு காசு கொடுத்தேனே, படம் மங்கலாக இருக்கிறதே என்பார். அவருக்காகச் சுழலும் விசிறி, பாயும் நீலத் தண்ணீர் என்று அசையும் படங்களைப் போட்டுத் தருவார்கள். அந்த விசிறி எதைப் பார்த்துச் சுழல்கிறது என்று விசாரித்தால், பல நேரம் கட்டளை டேக்கைப் பார்த்துத்தான்.

நம்மூரில் எந்தச் சுவிட்சைப் பற்றிப் பேசினாலும் கரண்ட் போய் வருவதைப் பேசாமல் முடிக்க முடியாது. பழைய ஸ்டார்ட்டரில் ஒரு சுருள் இருக்கிறது. கரண்ட் போனால் பிடியை விட்டுவிடும், வந்தாலும் தானாகப் பிடிக்காது. மறுபடி ஒரு மனிதர் வந்து பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். இதை ஒரு குறை என்று நினைத்து விவசாயிகள் ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்தினார்கள். நடுராத்திரியில் மும்முனை வந்தால் பாவம், அவர்கள்தான் என்ன செய்வார்கள்? ஆனால் ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் எழுந்தால், நேரடியாகத் தொடங்கும் ஒவ்வொன்றும் வழக்கத்தைவிட ஆறேழு மடங்கு ஆம்பியரை இழுக்கும், மின்னழுத்தம் படுத்துவிடும். தொலைவிலிருந்தே மோட்டாரை இயக்கக் கைப்பேசிக் கருவிகள் வந்தபோது (புனேயின் சந்தோஷ் ஓஸ்ட்வால் உருவாக்கிய நானோ கணேஷ் இவற்றில் முன்னோடி) விவசாயியின் ராத்திரி நடை மிச்சமானது. பாம்புக்கும் இருட்டுக்கும் பயந்து வரப்பில் நடந்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

கரண்ட் திரும்பியதும் மோட்டார் தானாக ஓடலாமா என்ற கேள்வி ஆலைத் திரையில் வேறு உருவில் வரும். கரண்ட் போகும்போது ஆன் என்றிருந்த டேக்கைப் பிஎல்சி நினைவில் வைத்திருக்க வேண்டுமா, மறக்க வேண்டுமா? நினைவில் வைத்திருந்தால், கரண்ட் வந்த கணத்தில் எலிவேட்டருக்குள் கை விட்டு அடைப்பு எடுத்துக்கொண்டிருப்பவரின் மேல் அது ஓடத் தொடங்கும். மறப்பதுதான் பொதுவாகப் பாதுகாப்பு. எல்லாம் 0-வாகி, ஆபரேட்டர் வரிசைப்படி ஒவ்வொன்றாகப் போடட்டும். வரிசை என்பதும் முக்கியம். தொடங்கும்போது கடைசி இயந்திரத்திலிருந்து பின்னோக்கி, நிறுத்தும்போது முதல் இயந்திரத்திலிருந்து முன்னோக்கி. சர்க்கரை ஆலையில் அரவை உருளை நின்றால் கரும்பு ஏற்றும் கேரியர் அடுத்த கணம் நின்றாக வேண்டும். இந்தக் கட்டுகளை ஆபரேட்டரின் நினைவாற்றலுக்கு விடாமல் பிஎல்சிக்குள் எழுதுவார்கள். அப்போது சுவிட்ச் படம் தொட்டும் நகராது. ஏன் நகரவில்லை என்று அது சொல்லியாக வேண்டும்: ‘பாலிஷர் ஓடவில்லை’ என்று ஒரு வரி போதும். சொல்லாமல் மௌனமாக மறுக்கும் சுவிட்சை ஆபரேட்டர்கள் வெறுப்பார்கள். வெறுத்தவர்கள் அந்தக் கட்டைத் தாண்ட ஒயரில் குறுக்குவழி தேடுவார்கள்.

‘நிச்சயமாகவா?’ என்று கேட்கும் பெட்டியைக் கண்ட இடத்தில் போடுவதும் இதே வகை. நாளுக்கு இருநூறு முறை ‘ஆம்’ தட்டும் விரல் இருநூற்றோராவது முறையும் படிக்காமல் தட்டும். தவறினால் திருத்த முடியாத இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் அதை மிச்சம் வைக்க வேண்டும்.

சில பொருள்களுக்குச் சுவிட்ச் படமே ஆகாது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கோமுகி ஆற்றின் குறுக்கே கச்சிராயப்பாளையம் அருகே ஓர் அணை இருக்கிறது. அணையின் மதகு போன்ற ஒன்றைத் திரையில் கொண்டுவந்தால் திற–மூடு என்று இரண்டு நிலைச் சுவிட்ச் வைக்க மனம் வரும். மதகு மின்விளக்கு அல்ல. மேலேற நிமிடக் கணக்கில் ஆகும், பாதியில் நிறுத்த வேண்டிவரும், எத்தனை அடி தூக்கியிருக்கிறது என்பதுதான் கீழே இருக்கும் ஊர்களுக்கு முக்கியம். அதற்குத் தூக்கு, நிறுத்து, இறக்கு என்று மூன்று பொத்தான்களும், இரு முனையிலும் எல்லை காட்டும் உணரிகளும், தூக்கிய உயரத்தைக் காட்டும் எண்ணும் வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தானும் திரைக்குள் வரக் கூடாது. மஞ்சள் பின்னணியில் காளான் போல நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிவப்புப் பொத்தான், மென்பொருள் உறைந்துபோன நாளிலும் வேலை செய்தாக வேண்டும்.

திண்ணைக்காரரிடம் திரும்புவோம். இப்போது வரும் கைப்பேசி ஸ்டார்ட்டர்கள் சிலவற்றில் ஆம்பியரும் தெரிகிறது. ஏழரைக் குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் சுமார் 11 ஆம்பியர் இழுக்கும். தன் மோட்டாரின் எண்ணை ஒரு விவசாயி ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடுவார். 11 என்றால் தண்ணீர் வருகிறது. பாதியாக விழுந்தால் போர் வற்றிவிட்டது. பூஜ்யம் என்றால் பச்சைப் படம் என்ன சொன்னாலும் ஓடவில்லை. மாமாவின் தூக்கத்தைக் காப்பாற்றுவது சுவிட்ச் படம் இல்லை, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் அந்த எண்தான்.

அதே மனிதர் மோட்டாரைத் தொட்டு வேலை செய்ய வேண்டிய நாளில் எண்ணையும் நம்புவதில்லை. திரையில் ஆஃப் என்று இருப்பது பூட்டு ஆகாது. மகன் டவுனிலிருந்து தட்டினால் திறந்துகொள்ளும் கதவு அது. ஸ்டார்ட்டர் பெட்டியில் கைமுறைக்கும் தொலைவுக்கும் மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதைத் திருப்புவார். அதற்குப் பிறகும், மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி, லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டுதான் கிணற்றுப் படியில் கால் வைப்பார். பெரிய ஆலைகளில் இதையே பூட்டும் சாவியும் சீட்டுமாக முறைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். திண்ணையில் கிடக்கும் கைப்பேசியைப் பேரன் எடுத்து அந்தப் படத்தை விளையாட்டாக வலது பக்கம் தள்ளலாம். சரியாக அமைத்த திரையாக இருந்தால், சில நொடி மினுக்கிவிட்டு ‘ஓடவில்லை’ என்று எழுதிக் காட்டும்.